நெல்லிக்காய் தின்ற நாக்கு

மேகம் இறங்கி வந்து படுத்துக்கொள்ளும் ஒரு மலைக்காட்டில், உருளைக்கிழங்கு என்றால் உயிரையே விடும் விலங்குகள் வாழ்ந்தன. தத்தம் வளை வாசலில் தமக்குப் பிடித்த கிழங்கை நட்டுத் தின்றுவந்தன.

அந்த வருடம் ஓடை வழிமாறியது. அது விட்டுச்சென்ற இடத்தில் கறுகறுவென்று நல்ல மண். காட்டின் தலைவர் கரடியார் எல்லோரையும் கூட்டினார்.

"இது பொது நிலம். இதில் ஒரே வகைக் கிழங்குதான் நடுவோம். ருசியும் விளைச்சலும் பார்த்து நாளைக்கே முடிவு செய்துவிடலாம். தோற்ற கிழங்கை விதைக்கு வைத்து என்ன பயன்? அப்போதே சுட்டு விருந்து வைப்போம்!" என்றார். கரடியார் நேர்மையானவர்தான். விருந்து என்றால் மட்டும் கொஞ்சம் அவசரப்படுவார்.

முள்ளம்பன்றி தன் வளைக்கு ஓடிப்போய் விதைக் கூடையைப் பார்த்தது. மூன்று வருடங்களுக்கு முன் உறைபனியில் தப்பிய நான்கே நான்கு சிவப்புக் கிழங்குகளை, கண்ணுக்குக் கண்ணாக வளர்த்து, இப்போதுதான் ஒரு கூடை விதை சேர்த்திருந்தது. தோற்றால் அந்த இனமே காட்டில் இருக்காது.

மறுநாள் போட்டிக்கு வந்தவை இரண்டே கிழங்குகள். ஒன்று முள்ளம்பன்றியின் சிவப்பு. மற்றொன்று வாயாடி மலையணிலின் வெள்ளை.

முதலில் விளைச்சலை எண்ணினார்கள். சிவப்பு, செடிக்கு ஒன்பது. வெள்ளை, செடிக்கு முப்பது!

"அடேயப்பா!" என்று வாயைப் பிளந்தது காட்டுப்பன்றி.

பிறகு ருசி. சுட்ட சிவப்புக் கிழங்கை எல்லோரும் தின்றார்கள். "நன்றாகத்தான் இருக்கிறது" என்றார் கரடியார்.

அடுத்து மலையணில் துள்ளிக்கொண்டு வந்தது. "என் கிழங்கைத் தின்னும்முன் வாயைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டாமா? ஆளுக்கொரு நெல்லிக்காய் தின்னுங்கள்!" என்று உபசரித்தது. பிறகு வெள்ளைக் கிழங்கை நீட்டியது.

"ஆகா! என்ன இனிப்பு!" என்று கத்தினார் கரடியார்.

முள்ளம்பன்றியும் தின்று பார்த்தது. இனிக்கத்தான் செய்தது! 'அப்படியானால் என் கிழங்கு ஒன்றுமே இல்லையா?' என்று நினைத்தது. அழுகையை விழுங்க ஓடைக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தது.

தண்ணீரும் இனித்தது!

முள்ளம்பன்றி திரும்பி ஓடி வந்தது. "கரடியாரே, தீர்ப்புச் சொல்லும்முன் எல்லோரும் ஒரு வாய் ஓடைத் தண்ணீர் குடியுங்கள்!"

குடித்தார்கள். "இதென்ன, தண்ணீரும் இனிக்கிறதே?" என்று முழித்தது காட்டுப்பன்றி.

"நெல்லிக்காய் தின்ற நாக்குக்குத் தண்ணீரும் இனிக்கும், எந்தக் கிழங்கும் இனிக்கும். கொஞ்ச நேரம் பொறுத்துத் தின்று பாருங்கள்."

பொறுத்தார்கள். தின்றார்கள். வெள்ளை சப்பென்று இருந்தது. சிவப்போ வாயில் மாவாகக் கரைந்தது.

"அடே திருட்டு அணிலே! இப்போதே உன் விதையைச் சுடுகிறேன் பார்!" என்று எழுந்தார் கரடியார்.

"ஐயையோ! செடிக்கு முப்பது என்பது பொய்யில்லையே!" என்று அலறியது அணில்.

"பொய்யில்லைதான். அதை மட்டும் சொல்லியிருந்தாலே பாதி நிலத்தை உனக்குக் கேட்டிருப்பேனே" என்றது முள்ளம்பன்றி. அணிலின் விதைக் குவியலைப் பார்க்க அதற்கு மனம் பொறுக்கவில்லை. "கரடியாரே, பொய் சொன்னது அணில்தான், கிழங்கு இல்லை. எத்தனை குட்டிகள் இருக்கின்றன இங்கே! நாக்குக்குச் சிவப்பு, வயிற்றுக்கு வெள்ளை. இரண்டையும் நடுவோம்."

கரடியார் தலையைச் சொறிந்தார். "சரி. ஆனால் இரண்டு பாத்திகளும் உன் பொறுப்பு. அணில் தண்ணீர் சுமக்கட்டும்."

அந்த மழைக்காலத்தில் ஒரு குட்டிகூடப் பசியோடு படுக்கவில்லை. செடிக்கு முப்பது விளைந்த வெள்ளைக் கிழங்கைக் காடே புகழ்ந்தது. அதற்கு எல்லோரும் வைத்த பெயர்தான் மலையணிலின் காதில் ஈயமாய் இறங்கியது: 'முள்ளம்பன்றிக் கிழங்கு'!

நீதி: இல்லாத பெருமைக்குப் பொய் சொன்னால், உள்ள பெருமையும் கைநழுவிப் போகும்.