சங்குமுனையில் அடித்த காற்று

"டீச்சர், இந்தப் படத்துல எங்க ஊரு இல்ல."

சொன்னவர் சூசை. தலை நரைத்த பிறகு, பழைய ஓவியங்களைச் செப்பனிடும் வேலை கற்க வந்தவர். கற்றுக்கொடுக்கும் தில்லைநாயகி அவரைவிடப் பத்து வயது இளையவள்.

படத்தின் பின்புறம் 'சங்குமுனைக் கடற்கரை, 1862' என்று எழுதியிருந்தது. சூசை பிறந்த ஊர். தெருக்கள், மாதா கோயில், கரை எல்லாவற்றையும் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இந்தப் படம்தான். இதற்காகத்தான் மனிதர் இந்த வேலைக்கே வந்தார்.

"கடல் இருக்கே," என்றாள்.

"கடல் எல்லா ஊர்லயும் இருக்கு. கரைன்னு மஞ்சளைப் பூசி வச்சிருக்கான் வெள்ளக்காரன். நானும் தெனம் பாக்கேன். ஒண்ணும் தெரியல."

தில்லைநாயகி படத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். அவள் வாயிலிருந்து பாடம் வருவது அபூர்வம்.

சூசைக்கு எரிச்சல். சிறுகத்தியை எடுத்தார்.

"வானம் பூரா பொடிப்பொடியா அழுக்கு. இதையாவது சுரண்டி எடுக்கேன்."

அவள் கத்தியை வாங்கி வைத்தாள். பூதக்கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அன்னைக்கு என்ன காத்து அண்ணே?"

"படத்துல காத்தை எப்படிப் பாக்க?"

"பாருங்க."

குனிந்தார்.

சாயம் தடித்திருந்த இடங்களில் எல்லாம் பொடி ஒட்டியிருந்தது. எல்லாமே தடிப்பின் வலப்பக்கம். கிழக்கே கடலைப் பார்த்து நின்று வரைந்த படம். வலப்பக்கம் என்றால் தெற்கு.

"சோழகம்," என்றார் சூசை. "தெக்க இருந்து வாரது. அது அடிச்சா எங்க ஊர்ல கண்ணத் தொறக்க முடியாது. சோத்துல மணலு, பாயில மணலு..."

நிறுத்திக்கொண்டார். மறுபடி குனிந்தார்.

பொடி மினுங்கியது. நடுவில் ஒரு சிப்பித் துணுக்கு.

"டீச்சர், அவன் வரையும்போது சாயம் ஈரமாத்தான இருந்திருக்கும்?"

"ஆமா."

"அப்ப இது எங்க ஊரு மணலு," என்றார் சூசை. கத்தி கிடந்த பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. நிமிர மனமில்லாமல் அப்படியே குனிந்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, விரலை வேட்டியில் நன்றாகத் துடைத்தார். படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தயங்கினார்.

"வெறுங்கையால படத்தைத் தொடக்கூடாதுன்னு மொத நாளே சொன்னீங்க."

"படத்தைத்தான சொன்னேன்," என்றாள் தில்லைநாயகி.