அடுப்படியில் இருந்த ஆமென்

ஒரு ஊர்ல ஒரு ஆமென் இருந்துச்சு.

சிரிக்காத பெர்சி. ராஜா இல்லையா சித்தின்னும் கேக்காத. ராஜா கதைன்னா அவரு வேட்டைக்குப் போவாரு, சண்டைக்குப் போவாரு, திரும்பி வந்தா தட்டுல சோறு இருக்கும். அந்தச் சோறு எப்படி வந்துச்சுன்னு எந்தக் கதையும் சொல்லாது. நான் அந்தச் சோத்துப் பக்கத்துல இருந்துதான் சொல்லப் போறேன். காலைப் போர்வைக்குள்ள விடு. நடுநடுவுல ம் கொட்டணும், சரியா?

ம்.

அந்த ஆமென் இருந்தது அடுப்படியில. அதுக்குச் சொந்தக்காரி பேரு எப்சிபா. அவ புருஷன் ஆசீர் வாத்தியாரு. மக பெனிட்டா, உன் வயசுதான், பனி வந்தா இளைப்பு வந்துரும் அவளுக்கு. தெனம் சாயங்காலம் வெளக்கு போட்டதும் அந்த வீட்ல குடும்ப ஜெபம். பாயை விரிச்சு எல்லாரும் ஹால்ல உக்காருவாங்க. எல்லாரும்னா எப்சிபாவைத் தவிர எல்லாரும். ஏன்னா அந்த வீட்டு வழக்கம், ஜெபம் முடிஞ்ச கையோட சுடச்சுட தோசை தட்டுல விழணும். அப்போ யாரு ஊத்துறது?

எப்சிபா.

ஆமா. ஆசீர் வாத்தியார் ஜெபம் பண்ணா தெருவே கேக்கும். "அன்பும் இரக்கமும் உள்ள எங்கள் பரலோகப் பிதாவே"ன்னு ஆரம்பிச்சார்னா ஆட்சி செய்றவங்க, அயல்நாட்டு ஊழியக்காரங்க, ஆஸ்பத்திரியில கெடக்குறவங்கன்னு ஒலகத்தைச் சுத்திட்டுத்தான் வீட்டுக்கு வருவார். இங்க அடுப்படியில தோசைக்கல்லு சொய்ங்ங், குக்கரு உஸ்ஸ், மிக்ஸி கர்ர்ர். ஒரு வார்த்தையும் கேக்காது. ஆனா அவ கெட்டிக்காரி. அவர் குரல் மேல மேல ஏறி, சட்டுனு எறங்கி, "ஜெபம் கேளும் நல்ல பிதாவே"ன்னு இழுக்கிற அந்த ராகம் மட்டும் அவ காதுக்குப் பிடிபட்டுப் போச்சு. ராகம் எறங்குச்சா, இவ தோசையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே சத்தமா, "ஆமென்."

அம்புட்டுதான் அவ ஜெபம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதுதான். யாருக்கும் அது தப்பாத் தெரியல, அவளுக்கும்தான். ம் எங்க?

ம்.

அப்புறம் அந்த வீட்டுக்கு எப்சிபாவோட அக்கா சுகிர்தம் வந்தாங்க. கல்யாணம் பண்ணிக்காதவங்க. ஒரு பொண்ணுங்க விடுதியில மேற்பார்வை பார்த்துக்கிட்டிருந்தவங்க. எப்சிபாவுக்கு அம்மா சின்ன வயசுலயே தவறிட்டதால, அவளைத் தன் கூடவே விடுதியில வச்சு, தலை பின்னி, பாடம் சொல்லி, வளர்த்து ஆளாக்கினது இந்த அக்காதான். இப்ப வேலை முடிஞ்சு போச்சு, முட்டி வலி வேற. தங்கச்சி வீட்டுக்கு வந்தவங்க பெனிட்டாவுக்குத் தலை பின்னிக்கிட்டு, அவ இருமுனா நெஞ்சுல தைலம் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க.

ஊர் சும்மா இருக்குமா? "மதினி இன்னும் எத்தனை நாளைக்கு இங்க இருப்பாங்க வாத்தியாரே?"ன்னு ஆசீரைப் போற வர்ற எடத்துல எல்லாம் பிடுங்குச்சு. சொந்தத் தம்பி வீட்ல இருந்தா கேக்க மாட்டாங்க. தங்கச்சி வீட்ல இருந்தா மட்டும் கேப்பாங்க. இதுல என்ன நியாயம்னு நீ யோசிச்சுப் பாரு. சரி, அதுக்குள்ள போனா விடிஞ்சுரும்.

ஒரு நாள் ஜெபத்துல ஆசீர் ஒலகத்தை எல்லாம் சுத்திட்டு வந்து, குரலை உருக்கமா வச்சு, "எங்களோடு தங்கியிருக்கும் மதினிக்கு எங்கள் சபையின் முதியோர் இல்லத்திலே சீக்கிரம் ஒரு இடம் கிடைக்கும்படி கிருபை செய்யும்"னு கேட்டார். அப்புறம் ராகம் எறங்குச்சு.

அடுப்படியில சொய்ங்ங். "ஆமென்."

சித்தி, அவங்களுக்குக் கேக்கவே இல்லையே?

கேக்கல. ஆனா அக்காவுக்கு ரெண்டும் கேட்டுச்சு. கேட்ட ஜெபமும் கேட்டுச்சு, வந்த ஆமெனும் கேட்டுச்சு. அன்னிக்கு ஒத்தத் தோசையோட கை கழுவிட்டாங்க.

மறுநாள் காலையில பார்த்தா, அக்கா கட்டில்ல சேலையை மடிச்சு மடிச்சுப் பையில வைக்கிறாங்க.

"எங்க கெளம்பிட்ட அக்கா?"

"இல்லத்துக்குப் போன் போட்டேன். எடம் இருக்காம். வெள்ளிக்கெழமை வரச் சொல்லிட்டாங்க."

"யாரு உன்னைப் போகச் சொன்னா?"

"நீதான். மாப்பிள்ளை கேட்டாரு, நீ ஆமென்னு சொன்ன. ரெண்டு பேரு ஒரே மனசாக் கேட்டா குடுப்பேன்னு சொன்ன ஆண்டவரு, ஒடனே குடுத்துட்டாரு."

எப்சிபா பையைப் பிடிச்சு இழுத்தா. "ஐயோ அக்கா, எனக்கு அவர் என்ன கேட்டாருன்னே தெரியாது. ராகம் எறங்குச்சு, சொன்னேன்."

அக்கா அவளை ஏற எறங்கப் பார்த்தாங்க. "தெரியாமயா ஒருத்தி தெனமும் ஆமென் சொல்லுவா? என்னைச் சமாதானம் பண்றதுக்குப் பொய் சொல்லாத எப்சி. அவர் முன்னால சொன்னதை ஏன் பின்னால வந்து மாத்துற?"

பாத்தியா பெர்சி. உண்மையைச் சொன்னா நம்ப ஆள் இல்ல. ஏன்னா அந்த உண்மை அப்படி அசிங்கமா இருந்துச்சு. அப்போ எப்சிபா முடிவு பண்ணா. எப்படியாவது அந்த ஆமெனைத் திரும்ப வாங்காம விட மாட்டேன், எங்கக்காவை அனுப்ப மாட்டேன்னு.

மொதல்ல போதகர்கிட்டப் போனா. அவரு அசனத்துக்கு, அதான் சபைப் பொதுச் சாப்பாட்டுக்கு, பந்தல் போடுற எடத்துல நின்னுக்கிட்டிருந்தார். டொக் டொக்குனு கம்பு நடுறாங்க.

"ஐயா, சொன்ன ஆமெனைத் திரும்ப வாங்க முடியுமா?"

அவரு சிரிச்சுட்டார். "என்னம்மா இது, கடையில வாங்குன துணியா? ஏன் வருத்தப்படுறீங்க? ஞாயித்துக்கெழமை நானே உங்க குடும்பத்துக்காக ஜெபிக்கிறேன். நீங்க வந்து ஆமென் மட்டும் சொல்லுங்க, போதும்."

"அதுதாங்கய்யா என் பிரச்சனையே"ன்னா எப்சிபா. அவருக்கு அது காதுல விழல. டொக் டொக்.

அப்புறம் மறுநாள் பெண்கள் உபவாச ஜெபத்துக்குப் போனா. அங்க தலைவியம்மா கையைத் தூக்கி ஜெபம் பண்றாங்க, எல்லாரும் படபடன்னு கை தட்டுறாங்க. இவ இந்தத் தடவை காதைத் தீட்டி வச்சுக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையா கேட்டா. அந்தம்மாவுக்கு ஊர் சேதி எல்லாம் தெரியும் போல. "எப்சிபா வீட்டுச் சுமை எறங்கட்டும் ஆண்டவரே"ன்னாங்க. எல்லாரும் "ஆமென்." இவ மட்டும் கண்ணைத் தொறந்துட்டா.

"சுமைன்னு யாரைச் சொல்றீங்க?"

கை தட்டுன சத்தம் நின்னு போச்சு. அந்தம்மா ஒரு கண்ணை மட்டும் தொறந்து, "ஜெபத்துல குறுக்கப் பேசலாமா எப்சிபா?"

"என் வீட்டைப் பத்திப் பேசுனா என்கிட்டக் கேக்க வேண்டாமா?"ன்னு சொல்லிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு வந்துட்டா. தூங்கிட்டியா?

இல்ல. ம்.

அப்புறம் மூணாவதா, யாரும் வேண்டாம், நானே கேக்குறேன்னு மத்தியானம் அடுப்படித் தரையில முட்டி போட்டா. ஆசீர் பள்ளிக்கூடத்துல. அக்கா ஹால்ல, இளைப்புன்னு பள்ளிக்கூடம் போகாத பெனிட்டா உள் ரூம்ல படுத்திருக்காங்க. இவ கண்ணை மூடி வாயைத் தொறந்தா என்ன வருது தெரியுமா? "அன்பும் இரக்கமும் உள்ள எங்கள் பரலோகப் பிதாவே." அவ புருஷன் ஜெபம். அதே ராகம். ஆட்சி செய்றவங்க வந்தாங்க, அயல்நாட்டு ஊழியக்காரங்க வந்தாங்க. அவளோட வார்த்தை மட்டும் வரல. தேடித் தேடிப் பார்த்தா, உள்ள ஒண்ணுமே இல்ல. காஞ்ச கிணத்துல வாளி எறங்குற மாதிரி டங்குன்னு சத்தம்தான்.

அப்போதான் அவ பயந்தா. அக்கா போறாளேன்னு மட்டும் நெனச்சோம், நாம என்னைக்கோ போயிட்டோம் போலயேன்னு.

எழுந்திருச்சு, சரி, வேலையையாவது பாப்போம்னு தேங்காயை மிக்ஸியில போட்டா. கர்ர்ர். காதுல வேற எதுவும் விழாது, அம்புட்டுச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள்ள இருந்து அவ கை தானா மிக்ஸியை நிறுத்துச்சு. ஏன்னு அவளுக்கே தெரியல. நிறுத்துனப்புறம்தான் தெரியுது, உள் ரூம்ல பெனிட்டா இருமுறா. க்ஹும், க்ஹும். தலகாணிக்குள்ள வாயை வச்சுக்கிட்டு, சின்னதா.

எப்சிபா அப்படியே நின்னுட்டா. இம்புட்டு மிக்ஸிச் சத்தத்துல பிள்ளை இருமல் கேக்குது. அவரு தெருவே கேக்கக் கத்துறது மட்டும் இத்தனை வருஷமாக் கேக்கலையா? கேக்காம இல்ல. நான்தான் காதை எடுத்துட்டேன். அடுப்படியில நிக்க வச்சது இந்த வீட்டு ஆளுங்க. கேக்காம நின்னது நான். அந்த ராகம் போதும், என் பங்கு முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்.

அப்புறம் இன்னொண்ணு தோணுச்சு. என் காதே இப்படின்னா, என்னைப் பெத்தவரா இருக்குற ஆண்டவரு காது எப்படி இருக்கும்? நான் சத்தம் போடணுமா, ராகம் போடணுமா, முட்டி போட்டு அழகா ஆரம்பிக்கணுமா? இத்தனை வருஷமா அவரு மிக்ஸியை நிறுத்திட்டு நின்னுக்கிட்டிருக்காரு, நான் இருமக்கூட இல்ல.

தேங்காப்பூ ஒட்டுன கையோட, நின்ன வாக்குல சொன்னா. "ஆண்டவரே, எனக்கு எங்கக்கா வேணும். அதைச் சொல்றதுக்கு எனக்குத் தெம்பு வேணும்."

அவ்ளோதான் ஜெபம். கிணத்துல தண்ணி ஊறிருச்சு. கண்ணுலயும்தான். மூஞ்சியை முந்தானையில தொடச்சுக்கிட்டுப் போய்ப் பிள்ளைக்கு வெந்நீர் குடுத்தா.

அன்னிக்கு வியாழக்கெழமை. விடிஞ்சா அக்கா கெளம்பணும். சாயங்காலம் பாயை விரிச்சாங்க. எப்சிபா அடுப்பை டக்குனு அணைச்சுட்டு வந்து பாயில உக்காந்தா.

ஆசீருக்குக் கொழப்பமாப் போச்சு. "தோசை?"

"இன்னும் ஊத்தல."

"அப்புறம் எப்ப?"

"ஜெபம் முடியட்டும்."

அவருக்குப் பசி. ஆனாலும் ஒலகத்தைச் சுத்திட்டு வந்து, "நாளைக்குப் புறப்படுற மதினியின் பயணத்தையும், புது இருப்பிடத்தையும் ஆசீர்வதியும்"னு கேட்டு, ராகத்தை எறக்குனார். நிறுத்துனார். ஆமென் வரல. கடிகாரம் டிக் டிக். பெனிட்டா கண்ணைத் தொறந்துட்டா.

"எப்சி?"ன்னார் மெதுவா.

"கேட்டேங்க. இன்னிக்குத்தான் கேட்டேன். இதுக்கு நான் ஆமென் சொல்ல மாட்டேன்."

"ஜெபத்துல வந்து என்கூட வாதாடுறியா?"

"முடிவை ஜெபத்துல வச்சுத்தானே பண்ணீங்க? என்கிட்டக் கேக்க வேண்டியதை அவர்கிட்டக் கேட்டுட்டீங்க. அவரு பேரைச் சொன்னா எதுத்துப் பேச முடியாதுன்னு தெரியும்."

"ஊரு பேசுறது உனக்குத் தெரியுமா? தெனம் நான்தான் வாங்கிக் கட்டிக்கிறேன்."

"அதையாவது ஒரு நாள் ஜெபத்துல சொன்னீங்களா? ஊரு பேச்சு தாங்க முடியல ஆண்டவரேன்னு சொல்லியிருந்தா நானும் அழுதிருப்பேனே. மதினிக்காகக் கேக்குற மாதிரி உங்களுக்காகக் கேட்டீங்க."

அப்படி ஒரு நாளும் ஆசீரை யாரும் மடக்கினது இல்ல. எப்சிபா அக்கா பக்கம் திரும்புனா. "அக்கா, உனக்கு என்ன வேணும்? அதை இந்த வீட்ல ஒருத்தரும் கேக்கலையே."

சுகிர்தம் சேலைத் தலைப்பை விரல்ல சுத்திக்கிட்டே சொன்னாங்க. "இல்லத்துல இருக்க எனக்குத் தெரியாதா? மணியடிச்சா சாப்பிட்டு, மணியடிச்சா தூங்கினவதானே. ஆனா போகாதன்னு ஒரு வாய் வருமான்னு பார்த்தேன். பையைக்கூட மெதுவாத்தான் மடிச்சேன்."

"போகாத"ன்னா எப்சிபா.

அப்புறம் எல்லாரும் கண்ணை மூடுனாங்க. இந்தத் தடவை எப்சிபா ஜெபம். "ஆண்டவரே, கேக்காமலே ஆமென் சொல்லிட்டேன், என்னை மன்னியும். எங்கக்கா இங்கயே இருக்கணும். ஊரு பேசுறதைத் தாங்க இவருக்குப் பலம் குடும். பிள்ளைக்கு இளைப்பு விடணும்." முடிஞ்சுது. அயல்நாடு எல்லாம் அன்னிக்குக் காத்திருந்துச்சு.

"ஆமென்"னா பெனிட்டா. அக்காவும் சொன்னாங்க, குரல் கம்மிப் போய். ஆசீர்கிட்ட இருந்து ஒண்ணும் வரல.

"நான் யோசிக்கணும்"னார்.

"யோசிங்க. யோசிக்காம சொல்லிராதீங்க"ன்னு சொல்லிட்டு எப்சிபா தோசை ஊத்தப் போனா.

கல்லு காயுது. மாவு சொய்ங்ங். கொஞ்ச நேரத்துல அவரு வந்து அடுப்படி வாசல்ல நின்னார். உள்ள வந்து பழக்கம் இல்லாததால எங்க நிக்கிறதுன்னு தெரியல, அரிசி டப்பாவுல இடிச்சுக்கிட்டார், டம்ம்.

"எனக்கு ஊருக்குத்தான் பயம் எப்சி. மதினி மேல ஒண்ணும் இல்ல."

"தெரியும்."

"நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"எங்க வீட்ல ஒருத்தர்னு சொல்லுங்க."

அவரு அந்த வார்த்தையை வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் தட்டை எடுத்து நீட்டுனார். "மொதத் தோசையை மதினிக்குக் குடுத்துட்டு வர்றேன். நாளைக்குக் காலையில இல்லத்துக்கு நானே போன் போட்டு, அந்த எடத்தை வேற யாருக்காவது குடுங்கன்னு சொல்லிர்றேன். ஆமென்."

அதுல இருந்து அந்த வீட்ல ஜெப நேரத்துல அடுப்பு எரியாது. ஜெபமும் சுருங்கிப் போச்சு, ஏன்னா இப்பல்லாம் எதைக் கேட்டாலும் "ஏன்?"னு கேக்க ஆள் உக்காந்திருக்கு. ராத்திரிச் சாப்பாடு லேட்டாத்தான் ஆகுது. பசிச்சா என்ன, மாவைக் கரண்டியில எடுத்து ஊத்த இப்ப ஆசீருக்கும் தெரியும். வட்டமாத்தான் வராது.

கதைக்குக் கண்ணு சொக்கிருச்சு பெர்சி, நீயும் தூங்கு. என்ன, இன்னும் ஜெபம் பண்ணலையா? சரி, பண்ணு. மெதுவாவே சொல்லு, கேக்குது.