கேலி வந்த வழி

மரகதம்மையின் மடத்தில் காலைப் பூசை முடிந்ததும் சீடர் ஒருவர் ஒரு சொல்லைக் கேட்கலாம். அம்மை அதற்குப் பொருள் சொல்வார். அன்று உடையப்பனின் முறை. அவருக்கு அறுபத்தைந்து வயது. அம்மை அவரைவிட இருபது வயது இளையவர்.

“கேலி என்ற சொல்லுக்கு என்ன பொருள், அம்மா? அது எங்கிருந்து வந்தது?”

மற்றவர்கள் சிரித்தார்கள். முக்தி, மாயை என்று கேட்கிற இடத்தில் மனிதர் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அம்மை மட்டும் சிரிக்கவில்லை.

“யார் பேசிய கேலி?”

“என் மச்சினன் தவசி பேசியது. எங்கள் கல்யாணப் பந்தியிலேயே ஆரம்பித்தான். ‘மச்சானுக்கு ரெண்டு எலை போடுங்கப்பா, ஒண்ணு பத்தாது’ என்றான். முப்பத்தெட்டு வருஷம் ஓயவில்லை. அவன் பேசப் பேச என் மனைவி பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.”

“இப்போது?”

“பேச்சி போய் மூன்று வருஷம். தவசி அமாவாசை தவறாமல் இங்கே வருகிறான். கும்பிடுகிறான். ‘சாமி சௌக்கியமா’ என்கிறான். பையிலிருந்து கத்தரிக்காயை எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுகிறான். ஒரே ஒரு தடவை கேலி பேசினால் போதும், அம்மா. அவள் சிரிப்பு என் காதில் விழுந்துவிடும்.”

“இன்று அமாவாசைதானே? அவர் வரட்டும்” என்றார் அம்மை.

பத்து மணி பஸ்ஸில் தவசி வந்தான். கும்பிட்டான். பையின் வாயை ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையை உள்ளே விடப் போனான்.

“நீங்கள் எடுக்க வேண்டாம். பையை அவரிடம் கொடுங்கள்” என்றார் அம்மை.

தவசி தயங்கினான். பிறகு கொடுத்தான். உடையப்பன் பையைத் தரையில் கவிழ்த்தார். கத்தரிக்காய்களோடு, தலையில் கட்டும் உருமால் ஒன்றும் விழுந்தது. மடிப்பெல்லாம் பழுப்பேறியிருந்தது.

“என்னடா இது?”

“பதினாறாம் நாளு பொண்ணு பொறந்த வீட்டாளு புருசங்காரன் தலையில உருமா கட்டினாத்தான துக்கம் கழியும்? நீங்க பத்தாம் நாளே காவியக் கட்டிட்டு வந்துட்டீக. துக்கம் கழியாத ஆளுகிட்ட என்னத்தக் கேலி பேச? ஒவ்வொரு அமாவாசைக்கும் கொண்டுக்கிட்டுத்தான் வாரேன். சாமியா ஆனவுகளக் கேக்க வாய் வரல.”

உடையப்பன் அம்மையைப் பார்த்தார். “காவி கட்டியவன் இதைக் கட்டிக்கொள்ளலாமா?”

“குனியுங்கள். அவருக்குக் கை எட்டாது.”

உடையப்பன் குனிந்தார். தவசி உருமாலைச் சுற்றினான். மழித்த தலையில் உருமால் இரண்டு தடவை நழுவி விழுந்தது. மூன்றாவது தடவை முடிச்சை இறுக்கியபடி அவன் மூக்கை உறிஞ்சினான்.

“என்ன மச்சான், தலைய மழிச்சீகளா, இல்ல எண்ணெ போட்டு மெழுகுனீகளா? நிக்கவே மாட்டேங்குது.”

உடையப்பன் சிரிக்கப் போய் அழுதுவிட்டார். பேச்சி போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

தவசி பஸ்ஸுக்குப் போன பிறகும் அவர் உருமாலை அவிழ்க்கவில்லை.

“அம்மா, நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே” என்றார்.

“எங்கிருந்து வந்தது என்றுதானே கேட்டீர்கள்? மூன்று வருஷமாக மாதாமாதம் பஸ் ஏறி வந்துகொண்டுதான் இருந்தது. நீங்கள் கத்தரிக்காயை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டீர்கள்.”