ஓடைக்கரைக் காவல்

காட்டின் ஓரத்தில் ஓர் ஓடை இருந்தது. அதன் மேட்டுக்கரையில் ஐந்து குடித்தனங்கள்.

கோரைப்புல் புதரில் தும்பை என்ற முயல் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்தது. நாலு தாவல் தள்ளி, முள்புதரின் அடியில் வரகி என்ற கௌதாரி. அதன் தலைக்கு மேலே, வேலமரத்தில் ஓர் அணில். மேட்டின் சரிவில் ஆழமாக வளை தோண்டி இருந்தது ஒரு முள்ளம்பன்றி. கடைசியாக, கறையான் புற்றுக்குப் பக்கத்தில், போன மழைக்குப் பிறகு எங்கிருந்தோ வந்து குடியேறிய அழுங்கு. உடம்பு முழுக்கச் செதில் மூடிய பிராணி அது. பகலெல்லாம் தூங்கும். பொழுது சாய்ந்ததும் தலை குனிந்தபடி எறும்பு தேடிப் போகும். யாரோடும் பேசாது.

மற்றவர்கள் மட்டும் பேசிக்கொண்டார்களா என்ன? எதிரே பார்த்தால் ஒரு தலையாட்டல். அதோடு சரி. தும்பைக்கு இதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"நாம் யார் வம்புக்கும் போகக்கூடாது. அப்போதுதான் நம் வம்புக்கு யாரும் வரமாட்டார்கள்" என்று குட்டிகளிடம் அடிக்கடி சொல்லும்.

கோடைக்காலம். ஒரு நாள் மத்தியானம், தண்ணீர் குடிக்க வரகி ஓடைக்கு இறங்கியது. தும்பை புதருக்குள் படுத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. காய்ந்த சருகுகள் சரசரத்தன. பாறை இடுக்கிலிருந்து கரடன் என்ற உடும்பு வந்தது. பிளந்த நாக்கை வெளியே நீட்டி நீட்டி மோப்பம் பிடித்தபடி, நேராக முள்புதருக்குள் தலையை விட்டது.

அங்கே வரகியின் ஏழு முட்டைகள் இருந்தன.

பின்னங்காலால் தரையில் ஓங்கித் தட்டினால் போதும். ஓடையில் நிற்கும் வரகிக்குக் கேட்டுவிடும். தும்பை காலைத் தூக்கியது. ஆனால் தட்டவில்லை.

கரடன் மூன்று முட்டைகளை விழுங்கிவிட்டுத் தலையைத் திருப்பியது. அதன் கண்கள் தும்பையின் கண்களைப் பார்த்தன.

"என்ன பார்க்கிறாய்?" என்றது கரடன்.

"ஒன்றும்... ஒன்றும் பார்க்கவில்லை."

"நல்லது. உனக்கு இரண்டு குட்டிகள் அல்லவா? பத்திரமாகப் பார்த்துக்கொள்!"

தும்பை தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தது. கரடன் அவசரமே இல்லாமல் மீதி நாலு முட்டைகளையும் விழுங்கியது. பிறகு வந்த வழியே போனது.

வரகி திரும்பி வந்து கூட்டைப் பார்த்தது. அதன் அலறல் மேடு முழுவதும் கேட்டது.

"ஐயோ! என் முட்டைகள்! யாராவது பார்த்தீர்களா? யாருமே பார்க்கவில்லையா?"

வேலமரத்தில் ஒரு கிளை அசைந்தது. அணில் இலைகளுக்குள் ஒதுங்கிக்கொண்டது. சரிவில் முள்ளம்பன்றி எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. வரகி கோரைப்புதர் வாசலுக்கு வந்தது.

"தும்பை, நீ இங்கேதானே இருந்தாய்? எதையாவது பார்த்தாயா?"

"இல்லை அக்கா. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்."

அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகு தும்பையால் புல்லைக் கடிக்க முடியவில்லை. கடித்தாலும் விழுங்க முடியவில்லை.

ஒன்பது நாள் கழித்து அணிலின் கூட்டில் இரண்டு குட்டிகளைக் காணவில்லை. அதற்கு அடுத்த நாள் முள்ளம்பன்றியின் வளை வாசலில் மண் கலைந்து கிடந்தது. அன்று குட்டிகள் உள்ளே இல்லாததால் தப்பித்தன.

வரகிதான் முதலில் புறப்பட்டது. ஒவ்வொரு வாசலாகப் போனது. கடைசியில் தும்பையிடம் வந்து சொன்னது:

"என் வீட்டில் அழுகை கேட்ட அன்றைக்கு யாரும் வரவில்லை. சரி. ஆனால் அணில் வீட்டில் அழுகை கேட்டபோது நானும் போகவில்லை, தும்பை. 'என் முட்டைக்கு வராதவளுக்கு நான் ஏன் போகவேண்டும்' என்று உட்கார்ந்திருந்தேன். அது என் தப்பு. வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் வேலமரத்தடியில் கூடுகிறோம். நீயும் வா."

தும்பை போனது. ஒரே கரையில் இத்தனை நாள் இருந்தும், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அழுங்கு மட்டும் வரவில்லை. அது தூங்கிக்கொண்டிருக்கும் என்று யாரும் எழுப்பப் போகவில்லை.

"கள்ளன் யார் என்று எனக்குத் தெரியும்!" என்று தொடங்கியது முள்ளம்பன்றி. "அந்த அழுங்குதான்! அது வருவதற்கு முன்னால் இங்கே எதுவும் காணாமல் போயிருக்கிறதா? அதன் நகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இவ்வளவு நீளம்! முகம் கொடுத்துப் பேசாது, ஊர் அடங்கிய பிறகு நடமாடும். யோக்கியமானவர் செய்கிற காரியமா அது?"

"அப்படித்தான் இருக்கும்!" என்று அணில் விம்மியது. குட்டிகளைப் பறிகொடுத்த அதற்கு யாராவது ஒருவர்மேல் கோபப்பட்டே ஆகவேண்டியிருந்தது.

வரகி தயங்கியது. "யாராவது கண்ணால் பார்த்தீர்களா?"

"பார்க்க வேறு வேண்டுமா? வாருங்கள், இப்போதே விரட்டிவிடுவோம்!"

எல்லோரும் புற்றை நோக்கி நடந்தார்கள். தும்பையும் கூடவே போனது. 'எப்படியும் விரட்டத்தான் போகிறார்கள். அழுங்குக்கு வேறு காடா இல்லை? போய்ப் பிழைத்துக்கொள்ளும். என் குட்டிகளுக்கு நான் ஒருத்திதானே' என்று மனம் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே வந்தது.

சத்தம் கேட்டு அழுங்கு வெளியே தலை நீட்டியது. அதன் கண்களில் தூக்கம் இன்னும் போகவில்லை.

"என்ன அண்ணே? என்ன ஆச்சு?"

"முட்டைத் திருடா! குட்டிகளைத் தின்றவனே! கிளம்பு இங்கேயிருந்து!" என்று முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

"நானா? அண்ணே, நான் எறும்பும் கறையானும் தவிர எதையும் தின்றதில்லை. எனக்கு வாயில் பல்லே கிடையாது. வேண்டுமானால்..."

அணில் ஒரு வேலங்காயைப் பறித்து எறிந்தது. அது அழுங்கின் நெற்றியில் பட்டது. அழுங்கு தலையை வயிற்றுக்குள் இழுத்து, வாலைச் சுற்றி, ஒரு பந்தாகச் சுருண்டது. முள்ளம்பன்றி முட்களைக் குத்துவதற்கு வாகாகத் திருப்பியது. சுருண்ட உடம்பு நடுங்கி, செதில்கள் ஒன்றோடொன்று உரசும் ஒலி மட்டும் கேட்டது.

தும்பையால் அந்த ஒலியைத் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்கள்!" என்று கத்தியது. தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அதற்கே தெரியாது. "அழுங்கு இல்லை! கரடன்! பாறை இடுக்கில் இருக்கிற உடும்பு! நான் பார்த்தேன்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"எப்போது பார்த்தாய்?" என்று வரகி கேட்டது.

"உன் முட்டைகளைத் தின்றபோது பார்த்தேன், அக்கா. நான் தூங்கவில்லை. என் குட்டிகளைச் சொல்லி மிரட்டியது. நான் வாயை மூடிக்கொண்டேன்."

வரகி ஓர் அடி முன்னால் வந்தது. பிறகு மெல்லக் கேட்டது:

"அது உன்னை மிரட்டியபோது எத்தனை முட்டை மிச்சம் இருந்தது?"

"நாலு."

"குரல் கொடுத்திருந்தால் நான் பறந்து வந்திருப்பேன்."

"தெரியும் அக்கா."

வரகி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கிளையில் இருந்த அணில் தலையைக் கவிழ்த்தபடி சொன்னது:

"எனக்கும் பங்கு உண்டு. அன்றைக்கு முள்புதருக்குள் ஒரு நீளமான வால் நுழைவதை மேலேயிருந்து பார்த்தேன். நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். அதே வால்தான் பிறகு என் மரத்திலும் ஏறியிருக்கவேண்டும்."

முள்ளம்பன்றியின் முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. அது சுருண்டு கிடந்த அழுங்கின் பக்கத்தில் போய் நின்றது.

"தம்பி, தப்பு என்னுடையது. பார்க்காததைப் பார்த்தமாதிரிப் பேசிவிட்டேன். எழுந்திரப்பா."

அழுங்கு உடனே எழவில்லை. இருட்டத் தொடங்கிய பிறகுதான் மெல்ல விரிந்தது. அதுவரை யாரும் அங்கிருந்து போகவில்லை.

அன்றைக்கே பேசி முடித்தார்கள். காலையிலும் மத்தியானத்திலும் உச்சிக்கிளையிலிருந்து அணில் பார்க்கும். புதர்ப்பக்கம் வரகி. எந்த மூலையில் சருகு அசைந்தாலும் தும்பையின் காதுக்குத் தெரியும். இரவு நேரத்தை முள்ளம்பன்றியும் அழுங்கும் ஏற்றுக்கொண்டன. ஆபத்து என்றால் பார்த்தவர் குரல் கொடுக்கவேண்டும். கேட்டவர் எல்லோரும் திருப்பிக் குரல் கொடுத்தபடி வெளியே வரவேண்டும். சண்டை போடவேண்டியதில்லை. வந்து நின்றால் போதும்.

"இன்னொன்று" என்றது அழுங்கு. சுருண்டு விரிந்த பிறகு அது பேசிய முதல் பேச்சு. "கண்ணால் பார்க்காமல் யார்மேலும் கை ஓங்கக்கூடாது."

"சரி" என்றார்கள் எல்லோரும். முள்ளம்பன்றி இரண்டு தடவை சொன்னது.

ஆறாம் நாள், பொழுது சாயும் நேரம். ஓடையிலிருந்து வீசிய காற்றில் கோரைப்புல் சலசலத்துக்கொண்டே இருந்தது. அதனால் தும்பையின் காதுக்குக்கூட அந்தச் சத்தம் பிடிபடவில்லை. திரும்பிப் பார்த்தபோது கரடன் புதர் வாசலில் நின்றது.

"வாயைத் திறந்துவிட்டாயாமே! நான் சொன்னது மறந்துபோயிற்றா?"

குட்டிகள் இரண்டும் தும்பையின் வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டன. மிக அருகில் இருந்தது வரகிதான். 'அவள் எனக்காக வருவாளா? எந்த முகத்தோடு அவளைக் கூப்பிடுவது?'

ஆனாலும் தும்பை பின்னங்காலைத் தூக்கியது. இந்தத் தடவை ஓங்கித் தட்டியது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை!

கரடன் சிரித்தது. "தட்டு, தட்டு! உனக்காக யார் வரப்போகிறார்கள்?"

அது சொல்லி முடிக்கவில்லை. முள்புதரிலிருந்து வரகியின் குரல் கிளம்பியது. அடிவயிற்றிலிருந்து வந்த கூவல் அது. கூவிக்கொண்டே சிறகை விரித்து ஓடிவந்து, கரடனின் முகத்துக்கு நேரே தரையைக் கீறி மண்ணை வாரி இறைத்தது. வேலமரத்தில் அணில் 'கீச் கீச்' என்று மூச்சுவிடாமல் கத்தியது. சரிவிலிருந்து முள்ளம்பன்றி முட்கள் கலகலக்கப் பின்பக்கமாகவே ஓடிவந்தது. கரடன் பக்கவாட்டில் பாய்ந்து புதருக்குள் நுழையப் பார்த்தது. அங்கே அழுங்கு தூக்கக் கண்களோடு ஓடிவந்து, வாசலை அடைத்தபடி பந்தாகச் சுருண்டுவிட்டது. கரடன் ஒரு கடி கடித்தது. செதிலில் பல் வழுக்கியது.

"உன் முட்டைகளை நான் தின்றதைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டவள் இவள்! இவளுக்காகவா வந்தாய்?" என்று வரகியைப் பார்த்துச் சீறியது கரடன்.

"அது எனக்கும் அவளுக்கும் உள்ள வழக்கு" என்றது வரகி. "உனக்கு அதில் இடமில்லை. போ!"

"போ! போ!" என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது.

கரடன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. ஒரு முகமும் கீழே குனியவில்லை. அது வாலை இழுத்துக்கொண்டு ஓடையில் இறங்கி அக்கரைக்குப் போயிற்று. அக்கரையில் இருந்தவர்களுக்கும் சொல்லிவிடவேண்டும் என்று அணில் உடனே மரத்துக்கு மரம் தாவி ஓடியது.

தும்பை வரகியின் முன்னால் வந்து நின்றது.

"அக்கா..."

"நன்றி சொல்லாதே" என்றது வரகி. அதற்கு இன்னும் மூச்சு வாங்கியது. "என் மனம் இன்னும் ஆறவில்லை. ஆற எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. ஆனால் என் வீட்டில் கேட்ட அலறல் இன்னொரு வீட்டில் கேட்கக்கூடாது. அதற்காக எப்போது கூப்பிட்டாலும் வருவேன்."

"நானும் வருவேன், அக்கா."

அதன் பிறகு மேட்டுக்கரையில் திருட்டு அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஒருமுறை காக்கை ஒன்று புகுந்தது. ஒருமுறை கரடனே திரும்பி வந்து எட்டிப்பார்த்தது. ஆனால் ஒரு வாசலில் குரல் எழுந்தால் ஐந்து வாசலிலும் குரல் எழுந்தது. வந்தவர்கள் எல்லோரும் வெறும் வயிற்றோடுதான் திரும்பினார்கள்.

அடுத்த வீட்டு ஆபத்தைக் கண்டும் காணாததுபோல் இருப்பவர்கள் கள்ளனுக்கு வழிவிடுகிறார்கள். கண்டதை மறைக்காமல், காணாததைச் சொல்லாமல், ஒருவருக்கு ஒருவர் துணை நிற்பவர்களே தங்கள் வாசலையும் காத்துக்கொள்கிறார்கள்.