அமரர் ஸ்கேல்_ஸ்டார்ட்

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் மூன்று சீனியர் இன்ஜினியர்கள் இருந்தார்கள். சீனியர் என்று அவர்களுடைய அடையாள அட்டையில் போட்டிருந்ததால் நாமும் நம்புவோம். மின்தராசைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவர் என்ற நிரல், கம்ப்யூட்டரின் அடிமடியான கெர்னலுக்குள் ஓடுகிற சமாசாரம், அவர்கள் எழுதியது. அதன் கையேடும் அவர்கள் கைவண்ணம்தான்.

தராசைத் தொடங்க ஸ்கேல்_ஸ்டார்ட் என்ற ஃபங்ஷனை, அதாவது நிரல்துண்டை, அழைக்கவும் என்றது கையேடு. போன ஆடியிலேயே அதைத் தூக்கிவிட்டு ஸ்கேல்_ஓபன் என்று புதியதை வைத்தாயிற்று. கையேட்டை மட்டும் யாரும் தொடவில்லை. அதை நம்பிய தராசுக் கம்பெனிகள் திட்டித் தீர்த்தன.

மேலாளர் சிவகாமி மூவரையும் கூப்பிட்டார். "அந்த ஃபங்ஷன் செத்துப்போச்சு. நீங்க இன்னும் உயிரோட இருக்கற மாதிரியே எழுதி வெச்சிருக்கீங்க. திருத்துங்க. இல்லீனா மூணு பேரும் வீட்டுக்குப் போயிரலாம்."

மூவரில் பூவேந்திரனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். வேலை போனால் பெண்ணும் போச்சு.

பெயரை அழித்துவிடலாம் என்றாள் ரம்யகலா. பூவேந்திரன் தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் காட்டினான்.

"எங்க அப்பாரு தவறிட்டாருங்க. அதுக்காகப் பேரை எடுத்துட்டமா? முன்னாடி அமரர்னு போட்டமில்ல?"

சரி என்றார்கள் மற்ற இருவரும். புதியவர் ஸ்கேல்_ஓபன் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டான் ஜெபசிங். சாவு நடந்து வருஷம் திரும்பாமல் புதுசாக எதுவும் தொடங்கக்கூடாது என்று முடிவாயிற்று. கையேடு முழுக்க, 'தராசைத் தொடங்க அமரர்_ஸ்கேல்_ஸ்டார்ட் அவர்களை அழைக்கவும்' என்று திருத்தினார்கள்.

ஆனால் சோதித்துப் பார்த்தபோது, அப்படி ஒருவரைத் தெரியாது என்றது கம்ப்யூட்டர்.

"பாவம், அதுக்கு யாரும் சாவுத் தாக்கல் சொல்லல," என்றாள் ரம்யகலா.

உடனே அந்தப் பெயரிலேயே ஒரு ஃபங்ஷன் எழுதினார்கள். அது முதலில் ஒரு நிமிடம் மௌனமாக இருக்கும். பிறகு புதியவரைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்துவிடும். கையேட்டில் உள்ளது நிரலிலும் இருந்ததால் சோதனையில் எல்லாம் பச்சையாக வந்தது. பச்சையைப் பார்த்தாலே கையெழுத்துப் போடும் சிவகாமி இதற்கும் போட்டார். வேலை பிழைத்தது.

அடுத்த மாதம் பூவேந்திரனும் பெண் வீட்டாரும் தாலிக்குப் பொன் எடுக்கக் கடைக்குப் போனார்கள். இவர்கள் டிரைவர் ஓடும் தராசைத் தொடங்கிப் பொன்னை வைத்ததும் அது பேச்சுமூச்சில்லாமல் நின்றது. பூவேந்திரன் சட்டென்று எழுந்து தலைகுனிந்தான். மாப்பிள்ளையே நிற்கிறாரே என்று பெண் வீட்டாரும் எழுந்தார்கள். கடைக்காரரும் செருப்பைக் கழற்றினார்.

"யாருக்குங்க மாப்ள?" என்று மாமனார் மெதுவாகக் கேட்டார்.

பூவேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எங்க ஆபீஸ்ல ஒருத்தருங்க மாமா. ஆடியில தவறிட்டாரு. ஆனா இன்னும் வேலைக்கு வந்துட்டுதான் இருக்காரு."