நீலத்தின் மேல் கறுப்பு

பாரிஸ் நகரில் ஓவியராகப் பேர் பெற்றிருந்த ஒதில் என்னும் பெண்மணி ஒரு நாள் துணியில் தீட்டுவதை விட்டார். துணியின் மேல் வெளிச்சம் விழுகிறது, கண்ணாடியின் ஊடே வெளிச்சம் நடக்கிறது என்பது மனத்தில் தைத்த பிறகு அவருக்கு உறக்கம் பிடிக்கவில்லையாம். பிரான்சின் மேற்குக் கடற்கரைக்கு வந்து, தேவாலயங்களுக்கு வண்ணக் கண்ணாடிச் சாளரம் செய்யலானார்.

அங்கே அவருக்கு வாய்த்த சீடன் அவரைவிட மூத்தவன். கொராந்தேன் என்ற மீனவன். தம்பி மாயெல் படகோடு கடலில் மூழ்கிப் போனதிலிருந்து வலையைத் தொடாதவன்.

மாயெலின் உடல் கரை சேரவில்லை, கல்லறையும் இல்லை. ஊர்த் தேவாலயத்தில் அவனுக்கென்று ஒரு சாளரம் வைக்க மீனவர் சங்கத்தார் இசைந்தார்கள். அலைகளின் நடுவே அவன் முகம். கொராந்தேன் கேட்டுப் பெற்ற வேலை அது.

சங்கத்தாரோடு முதல் முறை பார்க்க வந்தபோது தாய் சொலேன் நெடுநேரம் நின்றாள். "கடல் தெரிகிறது. பிள்ளை தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று நண்பகலில் அவளும் சங்கத் தலைவரும் மறுபடி வருகிறார்கள். இன்றும் முகம் தெரியாவிட்டால் அந்த இடத்தில் வெறும் வெள்ளைக் கண்ணாடி பதிப்பதென்று முடிவாகிவிட்டது.

பட்டறையின் ஜன்னலுக்கு எதிரே, பெரிய கண்ணாடிப் பலகையில் வண்ணத் துண்டுகள் மெழுகால் ஒட்டப்பட்டு நின்றன: நடுவே முகம், சுற்றிலும் நீல அலைகள். கொராந்தேன் கையில் ஊசி. முகத்துச் சாயத்தைச் சுரண்டிச் சுரண்டி விரல் மரத்திருந்தது.

"இவ்வளவு மெல்லிசாக்கியும் வெளிச்சம் ஏறவில்லை, மதாம்."

"இன்னும் சுரண்டினால்?"

"மூக்கும் வாயும் போய்விடும்."

"அப்புறம்?"

தெருவில் மரக்காலணிகளின் ஓசை கேட்டது. அவன் ஊசியை மீண்டும் முகத்தருகே கொண்டுபோனான். ஒதில் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் கறுப்புச் சாயம் கரைத்த கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

"இதை நீலத்தின் மேல் பூசும்."

"நீலத்தின் மேலா? இந்த நீலம் கிடைக்க எத்தனை கண்ணாடியைத் திருப்பி அனுப்பினேன் என்று உங்களுக்குத் தெரியும். அவன் போன அன்றைய கடல் இதுதான்."

"தெரியும். பூசும்."

"நான் கேட்டது வெளிச்சம். நீங்கள் இருட்டைக் கொடுக்கிறீர்கள்."

"வாசலுக்கு வந்துவிட்டார்கள், கொராந்தேன்."

ஒதில் தாமே பூசினார் என்று சொல்பவர்களும் உண்டு. தூரிகையை அவன் கையில் திணித்தார் என்பதே பொருந்திவரும் பாடம். தன் கையாலேயே அந்தக் கடலை மூடுவது அவனுக்கு மாயெலை இன்னொரு முறை மூழ்கடிப்பது போலிருந்தது. ஓர் அலையின் விளிம்பில் பூசினான். அடுத்த அலையில் பாதி. பிறகு முகத்தைச் சுற்றி நீலம் நூலளவே மிஞ்சும்வரை நிறுத்தவில்லை.

கதவு திறந்தது. மீனவர் சங்கத் தலைவர் கோஃப் குரல் கொடுத்தார்: "போன தடவை வந்தபோது உன் தம்பி வெளியே போயிருந்தான். இன்றைக்காவது இருக்கிறானா?"

"வாயை மூடு, கோஃப்" என்றாள் சொலேன்.

கொராந்தேன் திரும்பவில்லை. தாயின் காலடி நெருங்கி வந்து அவனைத் தாண்டி நின்றது. அவள் கை உயர்ந்து, கண்ணாடிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது.

"சவரம் செய்துகொண்டு போடா என்றேன்" என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்து. "கேட்டானா?"

கோஃப் தொப்பியைக் கழற்றினார். சற்றுப் பொறுத்து, தணிந்த குரலில், "எப்போது பதிப்பீர்கள்?" என்று கேட்டார்.

அவர்கள் போன பிறகும் கொராந்தேன் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

"இந்தத் தடவை முகத்தை நான் தொடவே இல்லை, மதாம். அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது?"

ஒதில் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்கிருந்தும் வரவில்லை. அவன் அங்கேதான் இருந்தான். நீர்தான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்."