தவிட்டுக்குக் கொடுத்த பங்கு

ஆற்றங்கரை மடத்தில் நந்தவனத்தைப் பார்த்துவந்தவர் குற்றாலிங்கம். சீடர்களிலேயே வயதில் மூத்தவர் அவர்தான். குருவைவிடவும் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்து, அவருக்கு ஐம்பத்தொன்பது நடக்கும்போது, கடவுள் கண் திறந்தார். முதல் பிள்ளை பிறந்தது. பெண். கோமதி என்று பெயர் வைத்தார்கள்.

ஊர் சந்தோஷப்பட்டது, சிரிக்கவும் செய்தது. கற்கண்டு கொடுக்கப் போன வீடுகளில் எல்லாம், "பேத்தி பிறந்திருக்காளா?" என்று கேட்டார்கள். "மகள்" என்று சொல்லிவிட்டு அவர் கற்கண்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

பிள்ளைக்கு ஏழு மாதம் ஆயிற்று. அவர் இன்னும் அவளை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை.

தொட்டில் மட்டும் ஆட்டுவார். அதிலும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தொட்டிலில் நீளமாய் ஒரு கயிற்றைக் கட்டி, முன்னறை வரைக்கும் இழுத்துவந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து ஆட்டுவார். தாலாட்டு தெரியாது. பூக்கட்டும்போது பாடுகிற பதிகத்தையே பாடுவார். பாதிப் பதிகத்தில் அவர் தூங்கிவிடுவார். பிள்ளை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடக்கும்.

"கிணத்துல தண்ணி இறைக்கிற மாதிரி ஆட்டுறீங்களே" என்பாள் அவர் மனைவி உலகம்மாள். "கிட்ட வந்தா கடிச்சிடுமா? பல்லுகூட இன்னும் முளைக்கலை."

அவர் கயிற்றை இன்னும் கொஞ்சம் பலமாய் இழுப்பார்.

ஒரு நாள் காலை, மாலை கட்டி முடித்ததும் குருவின் முன்னால் போய் நின்றார்.

"சாமி, ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லவேண்டும்."

"எதற்கு?"

"பிள்ளையைக் கொழுந்தியாள் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். அவர்களே வளர்க்கட்டும்."

"உலகம்மாள் என்ன சொல்கிறாள்?"

"அழுகிறாள்."

"நீர் ஏன் கொடுக்கிறீர்?"

குற்றாலிங்கம் தரையைப் பார்த்தார்.

"எங்கள் அப்பா அறுபதில் போனார். பெரிய அண்ணன் அறுபத்தொன்று. சின்ன அண்ணன் அறுபத்திரண்டு. எங்கள் வீட்டு ஆண்பிள்ளை யாரும் அதைத் தாண்டியதில்லை, சாமி. அப்பா போனபோது எனக்கு ஐந்து வயது. அவருக்கும் ஓர் இலை போடச் சொல்லி ஒரு வருஷம் அழுதேனாம். அப்படித் தேடி அழுகிற தேட்டம் இவளுக்கு வேண்டாம். என் வாசனை பழகுவதற்குள் போய்விடட்டும். கொழுந்தியாள் புருஷனுக்கு முப்பத்திரண்டு வயது. திடமான ஆள்."

"இளவயது ஆள்தான் வேண்டுமென்றால் எனக்கும் நாற்பத்தேழுதான் ஆகிறது. எனக்குக் கொடும்."

குற்றாலிங்கம் விழித்தார். "சாமிக்குப் பிள்ளை வளர்த்துப் பழக்கம்..."

"உமக்கு இருந்ததா? போய் அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாரும்."

உலகம்மாள் பிள்ளையோடு வந்தாள். குருவின் பக்கத்தில் ஒரு படி நிறையத் தவிடு இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பிவந்தது.

அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பல பிள்ளைகள் தவறிய வீட்டில் ஒன்று தங்கினால், அதை வேறொருவரிடம் கொடுத்து ஒரு படி தவிடு வாங்கிக்கொள்வார்கள். அடுத்த நிமிஷமே தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். பிறத்தியார் பிள்ளை என்று ஆகிவிட்டால் எமன் கண்ணில் படாது என்று நம்பிக்கை. உலகம்மாளுக்கும் முன்னால் மூன்று கலைந்திருந்தது.

'சடங்குதானா' என்று குற்றாலிங்கமும் மூச்சு விட்டார்.

குரு பிள்ளையைச் சுவடிக்கட்டு ஏந்துவதுபோல விறைப்பாக வாங்கினார். கோமதி அவர் காவி வேட்டியை நனைத்தாள்.

"வந்ததும் வராததுமாய் அபிஷேகம்" என்றார் குரு. தவிட்டைக் குற்றாலிங்கத்தின் துண்டில் கொட்டினார்.

"எப்போது திருப்பித் தருவீர்கள், சாமி?"

"நீர் கொடுக்கத்தானே வந்தீர்?"

உலகம்மாளின் முகம் வெளுத்தது. குரு பிள்ளையை அவள் கையில் கொடுத்தார்.

"நீ கலங்காதே, அம்மா. நான் வாங்கியது தகப்பன் பங்கை மட்டும். உன் பங்கை நீ கொடுக்கவில்லையே. பிள்ளை உன்னோடு இருக்கட்டும்."

பிறகு குற்றாலிங்கத்தைப் பார்த்தார். "இவள் இனி உம்முடையவள் இல்லை. நிம்மதியாய்ப் போம்."

நிம்மதி வரவில்லை. தவிட்டை மாடு தின்று முடித்தது. கொழுந்தியாள் வீட்டுக்கு, 'வரவேண்டாம், கொடுப்பதற்குப் பிள்ளை என்னுடையது இல்லை' என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்குப் பூக்கட்டும்போது பதிகத்துக்குப் பதில் அந்த வார்த்தையே வாயில் வந்தது.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் பிள்ளை வீறிட்டது. உலகம்மாள் கொல்லையில் இருந்தாள். யோசிக்காமல் அவர் கை தொட்டிலுக்குள் போனது.

"சாமி பிள்ளையை ஏன் தொடுறீங்க?" உலகம்மாள் வாசற்படியில் நின்றாள். "ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். ஏழு மாதம் அழுத முகம் அது. அதில் விளையாட்டு இல்லை.

மடத்துக்கு ஒரு மைல் நடந்தார்.

"சாமி, பிள்ளை அழுகிறது. தூக்கலாமா?"

"தூக்கும்."

திரும்பி வருவதற்குள் பிள்ளை தூங்கிவிட்டது. நீட்டிய கையோடு தொட்டில் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார்.

மறுநாளும் போனார்.

"வேர்க்குரு போட்டிருக்கிறது. விசிறலாமா, சாமி?"

"விசிறும்."

அதற்கடுத்த நாள் விடிந்ததும் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

"உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, சாமி. வைத்தியர் மருந்து கொடுத்திருக்கிறார். மடியில் போட்டுக்கொள்ளலாமா?"

"போட்டுக்கொள்ளும்."

அன்று முழுக்கக் கோமதி அவர் மடியில் கிடந்தாள். அவள் சூடு அவர் தொடையில் இறங்கியது. கால் மரத்துப்போனது. அவர் அசையவில்லை. வாயில் பதிகமும் வரவில்லை, 'அப்பனே, அப்பனே' என்று மட்டும்தான் வந்தது. பொழுது சாய்கிற நேரம் பிள்ளைக்கு வேர்த்தது. நரைத்த தாடியைக் கையில் பிடித்துக்கொண்டு அவரை ஏறிட்டுப் பார்த்தது.

மறுநாள் காலை அவர் மடத்துக்குக் கிளம்ப எழுந்தார். பிள்ளை தாயின் இடுப்பில் இருந்தபடியே அவர் பக்கம் கையை நீட்டி அழுதது.

எது நடக்கக்கூடாது என்று ஏழு மாதமாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ, அது நடந்துவிட்டது.

கடையில் ஒரு படி தவிடு வாங்கிக்கொண்டு குருவின் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

"பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சாமி."

"கொடுப்பதாக இல்லை."

"அப்படியென்றால் தூக்குவதற்காவது மொத்தமாக ஓர் உத்தரவு கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் நடந்துவந்து கேட்க முழங்கால் தாங்கவில்லை."

"எத்தனை நாளைக்கு?"

"அவள் நடை பழகும் வரைக்கும்."

குரு தவிட்டுப் படியை அவர் பக்கமே தள்ளிவைத்தார்.

"எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் வரைக்கும்."

குற்றாலிங்கம் படியைத் திரும்பக் குருவின் பக்கம் நகர்த்தினார்.

"அவளுக்கு ஒரு நல்லது நடக்கிற வரைக்கும், சாமி." குற்றாலிங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "பேராசைதான். தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்."

குரு எழுந்துவந்து அவர் தோளைத் தொட்டார்.

"மொத்தமாகக் கொடுக்க என்னிடம் ஏது, குற்றாலிங்கம்? இன்றைக்குத் தருகிறேன். போய்த் தூக்கிக்கொள்ளும்."